கருவின் மரபணுப் பரிசோதனையும் சிகிச்சைப் பயணமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மரபணு ஆலோசனைக்கு வரும் தம்பதிகளின் ஒரு கையில் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் இருக்கும். இன்னொரு கையில் இருக்கும் போனில் ஒரு விளம்பரம் திறந்திருக்கும். விமான நிலையத்தில் வரவேற்பு, ஹோட்டல், கருமுட்டை எடுப்பு, கருவின் மரபணுப் பரிசோதனை, ஊர் சுற்றிப் பார்ப்பது என எல்லாம் சேர்த்து ஒரே விலை என்று அதில் போட்டிருக்கும். "இது எங்களுக்கு ஒத்துவருமா?" என்றுதான் பேச்சு தொடங்கும்.

ஒரே பரிசோதனை ஒரு தம்பதிக்கு உறுதியான பலன் தரும், இன்னொரு தம்பதிக்குச் செலவை மட்டும் வைக்கும். விளம்பரம் இந்த இரண்டு தம்பதிகளையும் பிரித்துப் பார்ப்பதில்லை. ஆராய்ச்சி பிரித்துப் பார்க்கிறது. அந்த வித்தியாசம் தெரியாமல் யாரும் பணம் கட்டக்கூடாது என்பதற்காகவே, திரும்பத் திரும்பக் காதில் விழும் கேள்விகளைக் கேட்டவர்கள் பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். உங்கள் ரிப்போர்ட்டுக்கான முடிவை உங்கள் மருத்துவரோடு உட்கார்ந்து பேசித்தான் எடுக்க வேண்டும்.

1. பிஜிடி பிஜிடின்னு சொல்றாங்களே, அதுல என்னதான் பண்றாங்க?

ஐவிஎஃப் முறையில் உருவான கருவைக் கர்ப்பப்பையில் வைப்பதற்கு முன்பே அதன் மரபணுவைச் சோதிப்பதுதான் பிஜிடி. கரு ஐந்தாவது அல்லது ஆறாவது நாளில் நூற்றுக்கும் மேற்பட்ட செல்கள் கொண்ட ஒரு சிறு பந்தாகியிருக்கும். அதற்குள் ஒரு ஓரமாகக் கூடியிருக்கும் செல்கள் குழந்தையாக வளர்பவை. வெளிச்சுற்றில் இருப்பவை நஞ்சுக்கொடியாக மாறுபவை. ஆய்வகத்தில் மைக்ரோஸ்கோப்புக்குக் கீழே கருவை ஒரு நுண்குழாயால் பிடித்துக்கொண்டு, லேசரால் மேலுறையில் சின்னத் துளை போட்டு, வெளிச்சுற்றிலிருந்து ஐந்து முதல் பத்து செல்களை உறிஞ்சி எடுப்பார்கள். அந்தச் செல்கள் மரபணு ஆய்வகத்துக்குப் போகும். கரு மைனஸ் 196 டிகிரியில் உறைந்து காத்திருக்கும்.

இதில் வகைகள் உண்டு. குடும்பத்தில் ஏற்கெனவே தெரிந்த ஒரு நோயை மட்டும் தேடுவது பிஜிடி-எம். மரபணுக்களைச் சுமக்கும் இழைகளான குரோமோசோம்களின் எண்ணிக்கை சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது பிஜிடி-ஏ. பெற்றோரில் ஒருவருக்குக் குரோமோசோம் துண்டு இடம் மாறியிருந்தால் அதற்காகச் செய்வது பிஜிடி-எஸ்ஆர். விளம்பரத்தில் மூன்றையும் ஒரே பெயரில் போட்டுவிடுவார்கள். இந்த விஷயத்தில் பாதிக் குழப்பம் அங்கிருந்துதான் வருகிறது.

2. எங்க ரெண்டு வீட்லயும் யாருக்கும் எந்த நோயும் இல்ல. அப்புறம் எப்படி எங்க குழந்தைக்கு தலசீமியா வந்துச்சு?

தலசீமியா பெற்றோர் வழியாக வரும் ஒரு ரத்த நோய். ஏறத்தாழ ஒவ்வொரு மரபணுவும் நம்மிடம் இரண்டு பிரதிகளாக இருக்கிறது, அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. ஒரு பிரதி பழுதாக இருந்து இன்னொன்று நன்றாக இருந்தால் உடம்பு சமாளித்துக்கொள்ளும். அப்படிப்பட்டவரைத்தான் கேரியர் என்கிறோம். அவர் ஆரோக்கியமாக இருப்பார், ஓடியாடி வேலை செய்வார், தான் கேரியர் என்பதே தெரியாமல் பேரன் பேத்தி எடுத்துவிடுவார்.

கேரியரான இருவர் கல்யாணம் செய்துகொள்ளும்போதுதான் சிக்கல். ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வர 25% வாய்ப்பு, பெற்றோரைப் போலக் கேரியராக இருக்க 50%, பழுதே இல்லாமல் இருக்க 25%. "முதல் குழந்தைக்கு வந்துவிட்டது, அடுத்த மூன்றுக்கும் வராது" என்று இதற்கு அர்த்தமில்லை. ஒவ்வொரு முறையும் கணக்கு புதிதாகத் தொடங்கும். இதில் யார் மீதும் தவறில்லை. மருமகளைக் குற்றம் சொல்லும் குடும்பங்கள் இன்னும் இருப்பதால் அழுத்திச் சொல்கிறேன்: கேரியர் ஒருவர் மட்டும் என்றால் இந்த நோய் வந்திருக்காது. இருவரிடமிருந்தும் ஆளுக்கொரு பிரதி வந்திருக்கிறது.

3. சொந்தத்துல கல்யாணம் பண்ணதாலதான் இப்படி ஆச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க. உண்மையா?

பாதி உண்மை. மாமன் மகள், அத்தை மகன் என்ற உறவில் மரபணுவில் எட்டில் ஒரு பங்கு பொதுவாக இருக்கும். தாய்மாமன், அக்கா மகள் என்றால் நான்கில் ஒரு பங்கு. அதனால் ஒரே பழுது இரண்டு பேரிடமும் இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. ஆனால் எந்தத் தம்பதிக்கும் பிறக்கும் குழந்தைகளில் 3 முதல் 4% பேருக்கு ஏதாவதொரு பிறவிக் குறை இருக்கும். முறைப்பையன், முறைப்பெண் திருமணத்தில் அதோடு ஏறத்தாழ 2 அல்லது 3% சேரும் என்பதுதான் அமெரிக்க மரபணு ஆலோசகர்கள் 2002-இல் ஆய்வுகளைத் திரட்டிச் சொன்ன கணக்கு. தாய்மாமன் திருமணத்தில் இது இன்னும் கூடும்.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றுக்கும் மேற்பட்ட திருமணங்கள் சொந்தத்தில் நடக்கின்றன. இத்தனை பேரைப் பயமுறுத்துவதில் பயனில்லை. குடும்பத்தில் சின்ன வயதில் இறந்த குழந்தைகள், காது கேளாமை, அறிவுவளர்ச்சிக் குறை, அடிக்கடி ரத்தம் ஏற்றும் நிலை இருந்திருக்கிறதா என்று மூன்று தலைமுறைக்கு எழுதி எடுத்து வாருங்கள். பெரியம்மாவும் பாட்டியும் சொல்லும் தகவல் பல நேரம் விலை உயர்ந்த டெஸ்டைவிட வழி காட்டும்.

4. கேரியரா இல்லையான்னு கல்யாணத்துக்கு முன்னாடியே தெரிஞ்சிக்க முடியுமா?

தலசீமியாவுக்கு மிக எளிதாக முடியும். சாதாரண ரத்தப் பரிசோதனையில் எம்சிவி என்று ஒரு எண் இருக்கும், சிவப்பணுவின் அளவு அது. வழக்கமாக 80-க்கு மேல் இருக்க வேண்டும். 65 என்று வந்து, இரும்புச்சத்து மாத்திரை மாதக்கணக்கில் சாப்பிட்டும் ஏறவில்லை என்றால் சந்தேகப்பட வேண்டும். அடுத்து ஹெச்பிஎல்சி, ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் பரிசோதனை. அதில் ஏ2 வகை ஹீமோகுளோபின் 3.5%-க்கு மேல் இருந்தால் பெரும்பாலும் பீட்டா தலசீமியா கேரியர். ஐவிஎஃப் செலவின் பக்கத்தில் இந்தச் செலவு ஒன்றுமே இல்லை.

இதை ஒரு நாடே செய்து காட்டியிருக்கிறது. சைப்ரஸ் தீவில் ஏழு பேரில் ஒருவர் தலசீமியா கேரியர். 1970-களில் பரிசோதனைத் திட்டம் தொடங்கியது. 1980-களில் அங்குள்ள திருச்சபையும் கல்யாணத்துக்கு முன் பரிசோதனைச் சான்றைக் கேட்க ஆரம்பித்தது. நோயோடு பிறக்கும் குழந்தைகள் ஏறக்குறைய இல்லை என்ற நிலை வந்தது. நிச்சயமான கல்யாணங்கள் அதனால் பெரிதாக நின்றுபோகவும் இல்லை. கேரியர் தம்பதிகள் கல்யாணம் செய்துகொண்டு, கர்ப்பத்தில் சோதித்துப் பார்த்தார்கள். கருவைக் கலைக்கும் முடிவுகளும் அந்தக் கணக்கில் அடங்கும், அதை மறைக்கக் கூடாது. அதே தீவின் வடபகுதி இன்று ஐவிஎஃப் பயணத்துக்குப் பெயர் போன இடம். அங்கே என்ன விளம்பரம் செய்கிறார்கள் என்பது 12-ஆம் கேள்வியில் வரும்.

5. ரெண்டு பேருமே கேரியர்னு வந்துடுச்சு. ஐவிஎஃப் தான் ஒரே வழியா?

இல்லை. இயல்பாகக் கருத்தரித்து, 11 முதல் 14 வாரத்துக்குள் நஞ்சுக்கொடியிலிருந்து சிறு மாதிரி எடுத்துச் சோதிக்கலாம். இதை சிவிஎஸ் என்பார்கள். 75% வாய்ப்பு உங்கள் பக்கம் இருக்கிறது. நோய் இருப்பது தெரிந்தால் தொடர்வதா வேண்டாமா என்ற முடிவு உங்களுடையது. இந்தியக் கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தத்துக்குப் பிறகு, கருவுக்குக் கடுமையான குறை இருந்தால் 24 வாரத்துக்குப் பிறகும் மருத்துவக் குழுவின் அனுமதியோடு கருக்கலைப்புக்குச் சட்டத்தில் இடமுண்டு. ஆனாலும் சீக்கிரம் தெரிவது உடம்புக்கும் மனசுக்கும் நல்லது. சிவிஎஸ் செய்ய வேண்டுமானால் இருவரின் மரபணுப் பழுது எது என்று கர்ப்பத்துக்கு முன்பே கண்டுபிடித்து வைத்திருக்க வேண்டும். கர்ப்பமான பிறகு ஓடி வருகிறவர்களே அதிகம் என்பதுதான் வருத்தம்.

கலைப்பு என்ற பேச்சே வேண்டாம், ஏற்கெனவே ஒருமுறை பட்டுவிட்டோம் என்கிறவர்களுக்கு பிஜிடி-எம் நல்ல வழி. லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் ஆலன் ஹேண்டிசைடு குழு 1990-இல் இந்த வேலையைத் தொடங்கியது இப்படிப்பட்ட குடும்பங்களுக்காகத்தான். ஆண் குழந்தைகளை மட்டும் தாக்கும் பரம்பரை நோய் இருந்த குடும்பங்கள் அவை. 1992-இல் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற நோய்க்காகச் சோதித்த கருவிலிருந்து குழந்தை பிறந்தது. என்ன நோய், எந்தப் பழுது என்று தெரிந்து தேடும்போது இந்தப் பரிசோதனை உறுதியாக நிற்கிறது. அதற்குக் கணவன், மனைவி, முடிந்தால் நோயுள்ள குழந்தை, தாத்தா பாட்டி ஆகியோரின் ரத்த மாதிரியும், ஆய்வகம் தயாராகச் சில வாரங்களும் தேவை. "இந்த மாசமே ஆரம்பிச்சிடலாம்" என்று ஒருவர் சொன்னால் இந்தத் தயாரிப்பு நடந்ததா என்று கேளுங்கள்.

6. எங்களுக்குப் பரம்பரை நோய் எதுவும் இல்ல. ரெண்டு ஐவிஎஃப் ஃபெயில் ஆச்சு. பிஜிடி-ஏ பண்ணினா கண்டிப்பா நிக்கும்கிறாங்க. பண்ணலாமா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. பணமும் அதிகம் போவது இதில்தான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். யோசனை கேட்க நன்றாகத்தான் இருக்கும்: குரோமோசோம் சரியான கருவை மட்டும் தேர்ந்து வைத்தால் கர்ப்பம் நிற்க வேண்டும். ஆனால் யோசனை நன்றாக இருப்பதும், குழந்தை பிறப்பதும் வேறு வேறு. அதனால்தான் குலுக்கல் முறையில் இரண்டு குழுக்களாகப் பிரித்து ஆய்வு செய்கிறார்கள்.

2007-இல் நெதர்லாந்தில் 35 முதல் 41 வயதுள்ள 408 பெண்களிடம் அந்தக் கால முறையில் செய்தார்கள். சோதனை செய்த குழுவில் 25% பேருக்குக் கர்ப்பம் தொடர்ந்தது, செய்யாத குழுவில் 37%. சோதனை உதவவில்லை என்பதோடு வாய்ப்பையே குறைத்துவிட்டது. மூன்றாம் நாள் கருவில் ஒரு செல்லை எடுத்ததும், சில குரோமோசோம்களை மட்டும் பார்த்ததும் அதற்குக் காரணங்கள். பிறகு ஐந்தாம் நாள் கரு, எல்லாக் குரோமோசோம்களையும் படிக்கும் கருவி என்று முறை மாறியது. 2019-இல் பல நாட்டு மையங்களில் 661 பெண்களிடம் புதிய முறையைச் சோதித்தார்கள். கர்ப்பம் தொடர்ந்தது சோதனைக் குழுவில் 50%, சோதிக்காத குழுவில் 46% என்று வந்தது, குறிப்பிடும்படி வித்தியாசமில்லை. 2021-இல் சீனாவில் 37 வயது வரையுள்ள 1,212 பெண்களிடம் செய்த ஆய்வில், ஓராண்டில் கைவசமுள்ள கருக்களை அடுத்தடுத்து வைத்தபோது குழந்தை பெற்றவர்கள் சோதனைக் குழுவில் 77.2%, சோதிக்காத குழுவில் 81.8%.

காரணம் எளிது. சோதனை ஒரு கெட்ட கருவை நல்ல கருவாக மாற்றாது. இருக்கிற கருக்களில் எதை முதலில் வைப்பது என்ற வரிசையைத்தான் அது மாற்றும். இளம் வயதில் நல்ல கருக்கள் நாலைந்து இருந்தால், சோதிக்காமல் ஒவ்வொன்றாக வைத்தாலும் அதே இடத்துக்குத்தான் வந்து சேர்வீர்கள். "கண்டிப்பா நிக்கும்" என்ற வாக்குறுதிக்கு இந்த ஆய்வுகளில் எந்த ஆதாரமும் இல்லை.

7. அப்போ பிஜிடி-ஏவால யாருக்குமே பிரயோஜனம் இல்லையா?

அப்படிச் சொல்லவில்லை. 30-களின் பிற்பகுதி தாண்டியதும் குரோமோசோம் பிழையுள்ள கருக்களின் பங்கு வேகமாக ஏறும். அந்த வயதில் பல கருக்கள் கையில் இருந்தால், நிற்க வாய்ப்பில்லாதவற்றை வைத்து மாதங்களைக் கழிப்பதும், கலைந்துபோகும் வலியும் குறையலாம். கரு ஒன்றிரண்டுதான் இருக்கிறது என்றால் சோதித்துப் பயன் குறைவு.

மருத்துவரிடம் கேட்க வேண்டியது இதுதான்: "என் வயதுக்கு, என்னிடம் இருக்கும் கருக்களின் எண்ணிக்கைக்கு, இதனால் என்ன மாறும்?" வயதையும் எண்ணிக்கையையும் சேர்த்துப் பேசாத பதில் உங்களுக்கான பதில் இல்லை.

8. ரிப்போர்ட்ல 'மொசைக்'னு போட்டிருக்கு. அந்தக் கருவைத் தூக்கிப் போடச் சொல்றாங்க.

அவசரப்படாதீர்கள். எடுத்த சில செல்களில் கொஞ்சம் சரியாகவும் கொஞ்சம் பிழையாகவும் தெரிந்தால் மொசைக் என்று எழுதுவார்கள். 1-ஆம் கேள்வியில் சொன்னபடி அந்தச் செல்கள் நஞ்சுக்கொடிப் பக்கத்தில் இருந்து வந்தவை. உள்ளே குழந்தையாக வளரும் செல்கள் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது. 2015-இல் இத்தாலி மருத்துவர்கள், வேறு நல்ல கரு இல்லாத 18 பெண்களுக்கு மொசைக் கருவை வைத்து, ஆறு ஆரோக்கியமான குழந்தைகள் பிறந்ததை வெளியிட்டார்கள். எந்தக் குரோமோசோம், எத்தனை சதவீதம் என்பதைப் பொறுத்து முடிவு மாறும். ஒரு மரபணு ஆலோசகரிடம் காட்டாமல் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

9. '70% வெற்றி'ன்னு விளம்பரம் போடுறாங்களே, அது பொய்யா?

பொய்யாக இல்லாமலே தவறான எண்ணத்தைத் தர முடியும். கணக்குக்காக ஒரு நூறு பெண்களை எடுத்துக்கொள்வோம். எல்லோரும் ஊசி போட ஆரம்பிக்கிறார்கள். 90 பேருக்குக் கருமுட்டை எடுக்கிறார்கள். 60 பேருக்கு ஐந்தாம் நாள் வரை கரு வளர்கிறது. சோதித்த பிறகு 40 பேருக்கு வைக்கத் தகுந்த கரு இருக்கிறது. 28 பேருக்கு ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ். 22 பேருக்குக் குழந்தை பிறக்கிறது. 28-ஐ 40-ஆல் வகுத்தால் 70%. 22-ஐ 100-ஆல் வகுத்தால் 22%. இரண்டும் அதே பெண்கள், அதே மருத்துவமனை.

பயணம் செய்து போகிறவர் முதல் ஊசியிலிருந்தே பணம் கட்டுகிறார். அதனால் அவருக்கு வேண்டிய எண் இரண்டாவது. "ஆரம்பித்தவர்களில், என் வயதில், எத்தனை பேர் குழந்தையோடு வீட்டுக்குப் போனார்கள்?" என்று கேளுங்கள். எழுதித் தரச் சொல்லுங்கள்.

பிரிட்டனில் இதை ஆராய்ச்சியாகவே செய்தார்கள். 2016-இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 74 கருத்தரிப்பு மையங்களின் இணையதளங்களைப் படித்தார்கள். 41 விதச் சிகிச்சைகளுக்கு, பலன் உண்டு என்று 276 கூற்றுகள் இருந்தன. அவற்றுக்கு ஆதாரமாகக் காட்டியிருந்தது 16 ஆய்வுக்கட்டுரைகளை மட்டும். ஒழுங்குமுறை ஆணையம் 1991-லிருந்து இயங்கும் நாட்டில் இந்த நிலை. பயணிகளை மட்டுமே நம்பி நடக்கும் இடங்களில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

10. ஏன் ஜனங்க நாடு விட்டு நாடு போறாங்க? அங்க டெக்னாலஜி நல்லா இருக்குமா?

பெரும்பாலும் சட்டம்தான் காரணம். ஐரோப்பிய ஆய்வாளர்கள் 2010-இல் ஆறு நாடுகளில் உள்ள 46 மையங்களுக்கு வெளிநாட்டிலிருந்து வந்தவர்களிடம் விவரம் திரட்டினார்கள். அதிகம் பேர் இத்தாலியர்கள், மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. 2004-இல் இத்தாலி கொண்டுவந்த சட்டம் தானக் கருமுட்டையையும் கருவின் மரபணுச் சோதனையையும் தடுத்துவிட்டது. தலசீமியா கேரியர்கள் நிறைந்த சார்டினியா அந்த நாட்டில்தான் இருக்கிறது. வீட்டில் கிடைக்காததைத் தேடிப் போனார்கள், சுற்றுலாவுக்காகப் போகவில்லை. பிறகு அந்தத் தடைகள் ஒவ்வொன்றாக நீதிமன்றங்களில் விழுந்தன.

விலை, காத்திருப்பு, உறவினர் கண்ணில் படாமல் சிகிச்சை பெறும் ஆசை ஆகியவையும் உண்டு. நம் ஊரிலிருந்து போக நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: இந்தியாவில் ஐவிஎஃப் போன்ற சிகிச்சைகளை ஒழுங்குபடுத்தும் 2021 சட்டப்படி, தெரிந்த பரம்பரை நோய்க்காகக் கருவைச் சோதிக்கத் தடை இல்லை. 5-ஆம் கேள்வியில் சொன்ன தேவைக்கு விமானம் ஏற வேண்டியதில்லை.

11. இலங்கையில இருந்து சென்னைக்கு வரலாம்னு இருக்கோம். எத்தனை நாள் தங்கணும்?

பிஜிடி உண்டென்றால் ஒரே பயணத்தில் முடியும் என்று நம்பாதீர்கள். ஊசி தொடங்கிக் கருமுட்டை எடுக்கும் வரை 10 முதல் 14 நாள். கரு வளர இன்னும் ஐந்தாறு நாள், அதற்கு நீங்கள் பக்கத்தில் இருக்கத் தேவையில்லை. ரிப்போர்ட் வரச் சில வாரம். அப்புறம் கர்ப்பப்பையைத் தயார்செய்து கரு வைக்க இரண்டாவது பயணம். ஹெச்பிஎல்சி, தொற்றுப் பரிசோதனை, விந்துப் பரிசோதனை எல்லாவற்றையும் கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ முடித்துக்கொண்டு வந்தால் தங்கும் செலவு மிச்சம். மருத்துவ விசாவில் வாருங்கள். வாடகைத்தாய் முறை மட்டும் வெளிநாட்டுத் தம்பதிகளுக்கு இங்கே கிடையாது. 2015-லேயே நிறுத்திவிட்டார்கள்.

கருமுட்டை எடுத்த கையோடு விமானம் பிடிக்காதீர்கள். சிலருக்குச் சூலகங்கள் (கருமுட்டைப் பைகள்) அதிகம் தூண்டப்பட்டு வயிறு வீங்கி, மூச்சு வாங்கி, ரத்தம் உறையும் நிலை வரலாம். அது எடுத்த ஒரு வாரத்துக்குள்தான் பெரும்பாலும் தெரியும். பேக்கேஜில் "மறுநாள் புறப்பாடு" என்று இருந்தால், ஊருக்குப் போன பிறகு வயிறு வீங்கினால் யாரைக் கூப்பிடுவது என்று கேட்டு வையுங்கள். கரு வைத்த பிறகு படுத்தே கிடக்க வேண்டும் என்பதற்கு ஆதாரம் இல்லை. மெதுவாக நடக்கலாம், சாப்பிடலாம், கோயிலுக்குப் போகலாம்.

12. எங்களுக்கு ரெண்டு பொண்ணு. வெளிநாட்டுல போய் பையன் கருவை மட்டும் வைக்கலாம்னு ஒரு ஏஜென்ட் சொல்றார். தப்பா?

தப்பு, குற்றமும் கூட. 1994-இல் வந்த பாலினத் தேர்வுத் தடைச் சட்டம், 2003 திருத்தத்துக்குப் பிறகு கருத்தரிப்பதற்கு முன்னான தேர்வையும் தடுக்கிறது. அதை விளம்பரம் செய்வதும் குற்றம். 2021 சட்டத்தில், பாலினம் பார்த்துத் தரும் கருத்தரிப்புச் சிகிச்சையை விளம்பரம் செய்வதற்கு 5 முதல் 10 ஆண்டு சிறை அல்லது 10 முதல் 25 லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்ற அளவுக்குத் தண்டனை உண்டு. இணையத் தேடலில் வரும் இப்படிப்பட்ட விளம்பரங்களைப் பற்றி உச்ச நீதிமன்றம் வரை வழக்குப் போய், தேடல் நிறுவனங்கள் அவற்றைத் தடுக்க வேண்டும் என்று ஆனது. அதனால்தான் ஏஜென்ட்கள் இப்போது வாட்ஸ்அப்பில் பேசுகிறார்கள். தாய்லாந்தும் 2015 சட்டத்தில் இதைத் தடுத்திருக்கிறது. வட சைப்ரஸ், அமெரிக்கா போன்ற இடங்களில் 'குடும்பச் சமநிலை' என்று அழகான பெயர் வைத்து விற்கிறார்கள்.

5-ஆம் கேள்வியில் சொன்ன மாதிரி, ஆண் குழந்தைகளை மட்டும் தாக்கும் நோய் குடும்பத்தில் இருந்தால் நிலைமை வேறு. அதற்குச் சட்டமே இடம் தருகிறது, அதை மருத்துவரோடு வெளிப்படையாகப் பேசலாம். மற்றபடி, ஒரு பெண் உடம்பில் இரண்டு வாரம் ஊசி ஏற்றி, மயக்க மருந்து கொடுத்து, ஆரோக்கியமான பெண் கருக்களை ஒதுக்கிவிட்டு வருவதற்கு மருத்துவம் என்று பெயர் கிடையாது. உங்கள் இரண்டு பெண்களும் வளர்ந்து இதைக் கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

13. இங்க உறைய வச்ச எங்க கருவை வெளிநாட்டுக்கு எடுத்துட்டுப் போலாமா?

உங்கள் சொந்த உபயோகத்துக்கு, 2021 சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய வாரியத்தின் அனுமதி வாங்கினால்தான் முடியும். அனுமதி இல்லாமல் கருவையோ கருமுட்டையையோ நாட்டுக்கு வெளியே அனுப்புவதற்கு 2021 சட்டத்தில் தடை உண்டு. "நாங்க பாத்துக்கறோம், கூரியர்ல போயிடும்" என்கிறவரிடம் அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

14. பேக்கேஜ்ல ஒரே தடவையில மூணு கரு வைப்பாங்களாம். வந்து போற செலவு மிச்சம்தானே?

செலவு அங்கே மிச்சமாகும், பிறகு பச்சிளங்குழந்தைகள் ஐசியூவில் ஏறும். இரட்டை, மூன்று என்றால் குறைமாதப் பிறப்பு, தாய்க்கு ரத்த அழுத்தம், குழந்தைக்கு நுரையீரல் பிரச்சினை எல்லாம் கூடும். லண்டனில் ஒரு பெரிய மருத்துவமனையில் 2009-இல் கணக்கெடுத்தபோது, மூன்றும் அதற்கு மேலும் சுமந்து வந்த பெண்களில் சுமார் நான்கில் ஒருவர் வெளிநாட்டில் சிகிச்சை எடுத்தவர். கரு வைத்த மையம் ஒரு நாட்டில் இருந்தது, பின்விளைவைச் சுமந்த மருத்துவமனை இன்னொரு நாட்டில் இருந்தது. சோதித்த நல்ல கரு என்றால் ஒன்று போதும்.

15. மூணு பேரோட டிஎன்ஏல குழந்தைன்னு படிச்சோம். வயசானவங்களுக்கும் அது உதவுமா?

செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்ற பகுதிக்குத் தனியாகக் கொஞ்சம் டிஎன்ஏ உண்டு, அது தாயிடமிருந்து மட்டும் வரும். அதில் பழுது இருந்தால் குழந்தைகள் சிறுவயதிலேயே இறக்கக்கூடும். நியூயார்க் மருத்துவர் ஜான் ஜாங், இரண்டு குழந்தைகளை லீ என்ற மைட்டோகாண்ட்ரியா நோய்க்குப் பறிகொடுத்த ஜோர்டான் நாட்டுத் தம்பதிக்கு, தானம் பெற்ற கருமுட்டையில் தாயின் கருமுட்டையிலிருந்த உட்கரு டிஎன்ஏவை மாற்றி வைத்துச் சிகிச்சை செய்தார். அமெரிக்காவில் அனுமதி இல்லாததால் மெக்சிகோவுக்குப் போனார்கள். 2016-இல் குழந்தை பிறந்தது. ஆனால் அந்தக் குழந்தையின் மைட்டோகாண்ட்ரியாவைத் தொடர்ந்து சோதிக்கப் பெற்றோர் சம்மதிக்கவில்லை. அது அவர்கள் உரிமை. அடுத்து வரும் குடும்பத்துக்குத் தெரிய வேண்டிய விவரம் மட்டும் கிடைக்காமல் போனது. அடுத்த ஆண்டே இதை விளம்பரப்படுத்துவதை நிறுத்தச் சொல்லி அமெரிக்க மருந்து ஆணையம் அவருக்குக் கடிதம் எழுதியது.

பிரிட்டன் வேறு வழியில் போனது. 2015-இல் நாடாளுமன்றத்தில் விவாதித்துச் சட்டம் போட்டு, குடும்பத்துக்குக் குடும்பம் தனித்தனியாக அனுமதி கொடுத்தது. நியூகாசிலில் இந்த முறையில் எட்டுக் குழந்தைகள் பிறந்ததை 2025-இல்தான் வெளியிட்டார்கள், குழந்தைகளின் வளர்ச்சியைத் தொடர்ந்து பார்த்தும் வருகிறார்கள். பத்து ஆண்டுப் பொறுமை அது. வயது கூடியவர்களின் குழந்தையின்மைக்கு இது உதவும் என்று இன்னும் நிரூபணமாகவில்லை. யாராவது அதைக் காட்டிப் பயணத்துக்கு அழைத்தால் போக வேண்டாம்.

16. கருவிலேயே சுகர் வருமா, புத்திசாலியா இருக்குமான்னு பாக்கலாமாமே?

சில வெளிநாட்டு நிறுவனங்கள் அப்படி விற்கின்றன. ஆயிரக்கணக்கான மரபணு வேறுபாடுகளின் சின்னச் சின்னத் தாக்கத்தைக் கூட்டி ஒரு மதிப்பெண் போடுவது அந்த முறை. ஐரோப்பிய மனித மரபியல் சங்கம் இது நிரூபணமாகாதது, அறமற்றது என்று அறிவித்திருக்கிறது. நமக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அந்த மதிப்பெண்ணுக்கு அடிப்படையான தரவில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளியினருடையது. தெற்காசியக் குடும்பத்தின் கருவுக்கு அது இன்னும் குறைவாகவே பொருந்தும். தலசீமியா போல ஒரு மரபணுவால் வரும் நோயைத் தேடுவதும் இதுவும் ஒன்றில்லை.

17. பிஜிடி பண்ணியாச்சு. இனி கர்ப்பத்துல ஸ்கேன், டெஸ்ட் எதுவும் வேணாம்தானே?

வேண்டும். சில செல்களை வைத்துச் சொன்ன முடிவில் தவறு அரிதாக நேரலாம். அதனால் பிஜிடி-எம் செய்தவர்களுக்கும் சிவிஎஸ் அல்லது பனிக்குட நீர்ப் பரிசோதனையால் உறுதிப்படுத்தச் சொல்கிறோம். 18 முதல் 20 வாரத்தில் எடுக்கும் அனாமலி ஸ்கேனை யாரும் விடக்கூடாது. இதயத் துளை, முதுகுத்தண்டுக் குறை போன்றவை பிஜிடி தேடும் பட்டியலிலேயே இல்லை. அம்மாவின் ரத்தத்தில் பத்தாவது வாரத்துக்கு மேல் செய்யும் என்ஐபிடி, டவுன் சின்ட்ரோம் போன்றவற்றை நன்றாகச் சலிக்கும். ஆனாலும் அது சலித்துச் சந்தேகத்தைக் காட்டும் சோதனைதான், நோயை உறுதி செய்வதில்லை. பாசிட்டிவ் வந்தால் 5-ஆம் கேள்வியில் சொன்ன மாதிரி ஊசி மூலம் எடுத்து உறுதி செய்யாமல் எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

18. 'இது ஆராய்ச்சி, உங்களைச் சேத்துக்கறோம்'னு சொல்லிப் பணமும் கேக்குறாங்க. சரியா?

சரியில்லை. ஆராய்ச்சியில் சேர்வது நல்ல காரியம். 6-ஆம் கேள்வியில் சொன்ன ஆய்வுகளில் ஆயிரக்கணக்கான பெண்கள் சேர்ந்ததால்தான் இன்று உங்களுக்கு ஒரு பதில் இருக்கிறது. ஆனால் சோதனையில் இருக்கும் சிகிச்சைக்குப் பங்கேற்பாளரிடம் பணம் வாங்கக் கூடாது என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வழிகாட்டுதல். மூன்றைக் கேளுங்கள்: நெறிமுறைக் குழு ஒப்புதல் எங்கே, இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவு எண் என்ன, பாதியில் விலகினால் என் சிகிச்சை தொடருமா. பதிவேட்டை யார் வேண்டுமானாலும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

19. முன்பணம் கட்டிட்டோம். கிளம்புறதுக்கு முன்னாடி எதெல்லாம் கைல வாங்கி வச்சிக்கணும்?

மையத்தின் பதிவுச் சான்றின் நகல், கருவைச் சோதிக்கும் ஆய்வகத்தின் பெயர், சோதனைக்குத் தகுந்த கரு வராவிட்டால் எவ்வளவு பணம் திரும்பும் என்ற எழுத்து. 9-ஆம் கேள்வியில் சொன்ன எண், உங்கள் வயதுக்கு. மிச்சக் கருக்களை எத்தனை வருடம், எந்தக் கட்டணத்தில் வைத்திருப்பார்கள் என்ற தகவல். இந்தியாவில் பத்து ஆண்டு வரை வைக்கலாம். மருந்து, அளவு, தேதி எழுதிய சிகிச்சைச் சுருக்கமும் வேண்டும். ஊரில் உங்களைப் பார்க்கப்போகும் மகப்பேறு மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான். ஏஜென்டிடம் மட்டும் பேசிக்கொண்டிருக்காமல், சிகிச்சை தரும் மருத்துவரோடு ஒருமுறையாவது வீடியோவில் பேசிவிட்டு டிக்கெட் போடுங்கள்.